கேப் சுருங்கினால் யார் தலை உருளும்?

போன இதழில் அமெரிக்காவின் என்.எஃப்.எல். லீகில் 2021-ஆம் ஆண்டு சம்பள உச்சவரம்பு இறங்கியதைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கேள்விகள் வரும் என்று சத்தியமாக நினைக்கவில்லை. சரி, இந்த வாரம் முழுக்க அதையே பேசித் தீர்த்துவிடுவோம். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: கால்பந்து என்றால் எங்களுக்கு மெஸ்ஸிதான் சார். நீங்கள் சொல்வது எந்தக் கால்பந்து? உச்சவரம்பு என்றால் ஒரு வீரருக்கு இவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று அர்த்தமா?

மெஸ்ஸிக்கும் வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள். இது முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற கால்பந்து. மொத்தம் 32 அணிகள், ஒவ்வொன்றிலும் 53 பேர். உச்சவரம்பு தனி ஆளுக்கு இல்லை, அணிக்கு. ஓர் அணி ஒரு வருடத்தில் அத்தனை வீரர்களுக்கும் சேர்த்துக் கணக்கில் காட்டும் தொகை அந்த எண்ணைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். அந்த எண்ணைத்தான் 'கேப்' என்கிறார்கள். லீகின் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய பாதி வீரர்களுக்கு என்று ஓர் ஒப்பந்தம் இருக்கிறது, அதிலிருந்து பிறப்பதுதான் இந்த எண். 1994-இல் ஆரம்பித்தபோது 3.46 கோடி டாலர். 2020-இல் 19.82 கோடி டாலர்.

'கணக்கில் காட்டும் தொகை' என்று சொன்னேனே, அந்த வார்த்தையை மறந்துவிடாதீர்கள். அந்த வருடம் வீரரின் கைக்குப் போகும் பணமும் கணக்கில் ஏறும் பணமும் வேறு வேறு. கூத்து பூராவும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

கேள்வி: வருடா வருடம் ஏறுகிற எண் எப்படி இறங்கியது?

கொரோனா. 2020 சீசனில் பல மைதானங்கள் காலி, மற்றவற்றில் கொஞ்சம் பேர் மட்டும். டிக்கெட், பார்க்கிங், தின்பண்டம் என்று வரவேண்டிய பணம் வரவில்லை. வருமானத்தில் பங்குதான் கேப் என்றால் வருமானம் விழுந்தால் கேப்பும் விழத்தானே வேண்டும்? ஒரே அடியாக விழுந்தால் அணிகள் நொறுங்கிவிடும் என்று 2020 ஜூலையிலேயே லீகும் வீரர் சங்கமும் உட்கார்ந்து பேசின. அந்த வருடச் சம்பளத்தில் கைவைக்க வேண்டாம், நஷ்டத்தை அடுத்த சில வருடங்களுக்குப் பரப்பிக்கொள்ளலாம், 2021-இன் கேப் எப்படிப் போனாலும் 17.5 கோடிக்குக் கீழே இறங்காது என்று முடிவு செய்தார்கள். பிறகு அந்த அடிமட்டம் 18 கோடி ஆனது. கடைசியில் 18.25 கோடி டாலர் என்று அறிவித்தது 2021 மார்ச் 10 அன்று. புது லீக் வருடம் தொடங்குவது மார்ச் 17. அதாவது சரியான எண் கைக்கு வந்து ஒரே வாரத்தில் ஒவ்வோர் அணியும் அதற்குள் அடங்கிக் காட்ட வேண்டும்.

8 சதவீதம்தானே குறைந்தது, இதற்கா இவ்வளவு அமர்க்களம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இறங்கிய 1.57 கோடியை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் 2018, 2019-இல் ஒப்பந்தம் போட்டவர்கள் 2021-இல் கேப் 20 கோடியைச் சுலபமாகத் தாண்டிவிடும் என்ற நம்பிக்கையில் போட்டார்கள், அதனால் பெரிய தொகைகளையெல்லாம் ஒப்பந்தத்தின் பின்பாதியில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள், அந்தப் பின்பாதி வந்து நிற்கும் நேரத்தில்தான் கூரை இறங்கியது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) பென் ராத்லிஸ்பர்கர் ஒருவர் பேரில் மட்டும் அந்த வருடம் 4.125 கோடி டாலர் ஏறியிருந்தது. 53 பேருக்கான பணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஒரே ஆளுக்கு, அதுவும் 39 வயதுக்காரருக்கு! அவர் 1.9 கோடி டாலர் சம்பளத்தை 1.4 கோடியாகக் குறைத்துக்கொண்டார், மிச்சத்தில் ஒரு பகுதியைப் பின்னுக்குத் தள்ளினார்கள். அவர் ஓய்வுபெற்ற பிறகு 2022-இல் சுமார் 1 கோடி டாலர் அவர் பேரில் கணக்கில் கிடந்தது.

கேள்வி: பின்னுக்குத் தள்ளுவது, பின்னுக்குத் தள்ளுவது என்கிறீர்களே, பணத்தை எப்படி சார் தள்ளுவது? வீரர் சும்மா இருப்பாரா?

சும்மா இருப்பதோடு சந்தோஷமாகக் கையெழுத்தும் போடுவார். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், பேப்பர் பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வீரரின் இந்த வருடச் சம்பளம் 2 கோடியே 11 லட்சம் டாலர் என்று வையுங்கள். ஒப்பந்தம் இன்னும் ஐந்து வருடம் ஓடும். அணி அவரிடம் போய், "இதில் 11 லட்சத்தைச் சம்பளமாக வைத்துக்கொள், மீதி 2 கோடியை போனஸ் என்று பெயர் மாற்றி இப்போதே கொடுத்துவிடுகிறோம்" என்கிறது. வாராவாரம் வரவேண்டிய பணம் மொத்தமாகக் கைக்கு வருகிறது, யார் வேண்டாம் என்பார்கள்? கேப் விதிப்படி போனஸை அதிகபட்சம் ஐந்து வருடத்துக்குச் சமமாகப் பிரித்துக் காட்டலாம். அப்போது வருடத்துக்கு 40 லட்சம். ஆக இந்த வருடம் அவர் பேரில் ஏறுவது 11 லட்சமும் 40 லட்சமும் சேர்த்து 51 லட்சம் மட்டும். 1 கோடியே 60 லட்சம் இடம் கிடைத்துவிட்டது, யாருக்கும் ஒரு பைசா குறையவில்லை.

ஆனால் மீதி நாலு வருடத்திலும் அந்த 40 லட்சம் உட்கார்ந்திருக்கும், அந்தந்த வருடச் சம்பளம் போக மேலே. இரண்டு வருடம் கழித்து ஆளை அனுப்பிவிட்டால்? பாக்கி மூன்று நாற்பதும் சேர்ந்து 1 கோடியே 20 லட்சமாக அந்த வருடமே தலையில் இறங்கும். ஆடாத ஆளுக்கான அந்தக் கணக்குக்கு 'டெட் மணி' என்று பெயர். ஜூன் 1-க்குப் பிறகு அனுப்பினால் அந்த வருடம் 40, அடுத்த வருடம் 80 என்று உடைத்துக்கொள்ளலாம். அட்லாண்டா அணி ஜூலியோ ஜோன்ஸ் என்ற வீரரை டென்னசி அணிக்கு அனுப்ப 2021 ஜூன் வரை காத்திருந்ததற்குக் காரணம் இந்தத் தேதிதான், ஆட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

2021 மார்ச்சில் பாதி லீக் இந்த வித்தையைத்தான் செய்தது. கேன்சஸ் சிட்டி அதற்கு முந்தைய வருடம்தான் தன் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸுக்குப் பத்து வருடத்துக்கு 45 கோடி டாலர் மதிப்புள்ள நீட்டிப்பைக் கொடுத்திருந்தது. அவ்வளவு நீளமான ஒப்பந்தம் ஏன் என்று அப்போது சிரித்தவர்கள் உண்டு. கேப் இறங்கியதும் அதிலிருந்து சுமார் 1.7 கோடி டாலர் இடத்தை ஒரே கையெழுத்தில் உருவி எடுத்தார்கள்.

கேள்வி: நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணி டேஸம் ஹில் என்ற வீரருக்கு 14 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்ததாக அந்தச் சமயத்தில் படித்தேன். கையில் காசில்லாத அணிக்கு அது எப்படி முடிந்தது?

அந்த 14 கோடி காகிதத்தில் மட்டும் இருந்தது. ஒரு டாலர்கூட அந்தத் தொகையிலிருந்து யாருக்கும் போகவில்லை, போகவும் போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஒப்பந்தத்தின் கடைசியில் நாலு வருடம் கூடுதலாக ஒட்டி, ஒரு குறிப்பிட்ட தேதியில் அவை தானாகவே ரத்தாகிவிடும் என்று எழுதிவைத்தார்கள். 'வாய்ட் இயர்ஸ்' என்பார்கள், ஆடாத வருடங்கள். போனஸைப் பிரிக்க வருடங்கள் வேண்டுமே, இல்லாத வருடங்களை உண்டாக்கிக்கொண்டார்கள்.

செயின்ட்ஸ் நிலைமை அப்படி. 2021 தொடக்கத்தில் அவர்கள் கேப்பைவிடச் சுமார் 10 கோடி டாலர் மேலே இருந்தார்கள். அணியின் குவார்ட்டர்பேக் ட்ரூ ப்ரீஸ் தன் 2.5 கோடி டாலர் சம்பளத்தைக் குறைந்தபட்சச் சம்பளமான 10.75 லட்சத்துக்கு இறக்கிக்கொண்டார். தியாகம் என்று எழுதினார்கள். ஓய்வுபெறப்போகிறவர் ஆடப்போகாத வருடத்தின் சம்பளத்தைக் குறைப்பது தியாகமா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் அணிக்கு அது பெரிய உபகாரம். ஜூன் 1 வரை அவர் பெயரைக் குறைந்த செலவில் பட்டியலில் வைத்திருந்து பாக்கி போனஸை இரண்டு வருடத்துக்கு உடைக்க அதுதான் வழி. பொது மேலாளர் மிக்கி லூமிஸ் ஒவ்வொரு ஒப்பந்தமாகப் பிரித்துப் பிரித்துத் தள்ளி, மார்ச் 17-க்குள் கணக்கை நேராக்கிவிட்டார். பலருக்கு நம்பவே முடியவில்லை.

கேள்வி: இது கடன் வாங்கி வாழ்வது மாதிரிதானே? கடைசியில் நடுத்தெருவுக்கு வந்துவிட மாட்டார்களா?

கடன்தான். ஆனால் வட்டியில்லாக் கடன், அங்கேதான் விஷயம் இருக்கிறது. வரம்பு ஒரு வருடம் இறங்கினாலும் மறுபடி ஏறும் என்பதில் அந்த லீகில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கேப்பை அறிவித்த எட்டாவது நாளே, 2021 மார்ச் 18 அன்று, 2033 வரைக்குமான தொலைக்காட்சி ஒப்பந்தங்களை அறிவித்தார்கள், மொத்தம் 10,000 கோடி டாலருக்கும் மேல். 2022-இல் கேப் 20.82 கோடி, 2023-இல் 22.48, 2024-இல் 25.54. நாம் போட்ட கணக்கில் அந்த 40 லட்சம் 2021-இல் கேப்பில் 2.2 சதவீதம், 2024-இல் 1.6 சதவீதம்கூட இல்லை. கேப் தாழ்ந்திருக்கும் வருடத்தில் இடத்தைக் கடன் வாங்கி, உயர்ந்திருக்கும் வருடத்தில் திருப்பிக் கொடுப்பது, சொல்லப்போனால், புத்திசாலித்தனம்.

வாங்கிய கடனில் என்ன செய்தார்கள் என்பதில்தான் அணிக்கு அணி வித்தியாசம். டாம்பா பே 2021 பிப்ரவரியில் சூப்பர் பவுல் என்ற இறுதிப்போட்டியை ஜெயித்த அணி. அதன் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் ஒப்பந்தத்தில் ஆடாத வருடங்களை ஒட்டிச் சுமார் 1.9 கோடி டாலர் இடம் பிடித்து, ஜெயித்த அணியின் 22 தொடக்க வீரர்களையும் ஒருவர் விடாமல் திரும்பக் கொண்டுவந்தார்கள், கேப் இறங்கிய வருடத்தில்! பில் 2023-இல் வந்தது. பிரேடி ஓய்வுபெற்றுப் போய்விட்டார், அவர் பேரில் 3.5 கோடி டாலர் டெட் மணி. வேறு வழியில்லாமல் பேக்கர் மேஃபீல்டை ஒரு வருடத்துக்கு மலிவாகப் பிடித்துப் போட்டார்கள். அந்த அணி பிரிவில் முதலிடம் பிடித்து, கோப்பைக்கான நாக்-அவுட் சுற்றான ப்ளேஆஃபில் ஃபிலடெல்ஃபியாவை 32-9 என்று அடித்தது. எல்லாம் கணக்குப் போட்டு நடந்தது என்று சொல்ல மாட்டேன், கொஞ்சம் அதிர்ஷ்டமும்தான்.

செயின்ட்ஸ் அதே கடனை வாங்கினார்கள், அடுத்த வருடமும் வாங்கினார்கள், அதற்கடுத்த வருடமும். 2021 முதல் 2024 வரை நாலு சீசனில் ஒருமுறைகூட ப்ளேஆஃபை எட்டவில்லை. ஜெயிக்கிற அணியைச் சேர்த்து வைத்துக்கொள்ளக் கடன் வாங்குவது வேறு, போன வருடத்துக் கடனை அடைக்க இந்த வருடம் கடன் வாங்குவது வேறு.

கேள்வி: விதியை மீறினால் என்ன ஆகும்?

ஒப்பந்தத்தையே லீக் ஏற்றுக்கொள்ளாது. அதற்கும் மேலே ஒரு வேடிக்கை நடந்தது. 2010-இல் கேப்பே இல்லை, விதிப்புத்தகத்திலேயே இல்லை. அந்த வருடத்தைப் பயன்படுத்தி டல்லாஸும் வாஷிங்டனும் பெரிய தொகைகளை அங்கே கொட்டித் தீர்த்துக்கொண்டன. 2012-இல் லீக் டல்லாஸிடம் 1 கோடி, வாஷிங்டனிடம் 3.6 கோடி டாலர் கேப் இடத்தைப் பிடுங்கிக்கொண்டது. இல்லாத வரம்பை மீறியதற்குத் தண்டனை! இதில் எனக்கு இன்றுவரை நியாயம் புரியவில்லை. இன்னொன்று, 2011-இல் கேப் திரும்பி வந்தபோது அது 2009-இல் இருந்ததைவிடக் குறைவாகத்தான் வந்தது. ஆகவே 2021-தான் முதல் சறுக்கல் என்பதும் சரியில்லை.

கேள்வி: எல்லாவற்றையும் தள்ளிவைக்கலாம் என்றால் ஆட்களை ஏன் சார் வெட்டினார்கள்?

எல்லாவற்றையும் தள்ள முடியாது. அடுத்த இரண்டு வருடம் இவன் நம்மோடு இருப்பான் என்று நம்பும் ஆளின் ஒப்பந்தத்தைத்தான் தள்ளலாம். வயதான, காயம்பட்ட ஆளின் பணத்தைத் தள்ளினால் மேலே சொன்ன டெட் மணிதான் மிஞ்சும். அதனால் ஒப்பந்தத் திட்டம் என்பது உண்மையில் யாரை நம்புவது என்ற திட்டம், கேப் இறங்கும்போது அந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

கேன்சஸ் சிட்டி கதை எனக்குப் பிடித்தமானது. மஹோம்ஸின் பக்கவாட்டைக் காக்கும் இரண்டு டேக்கிள்கள், எரிக் ஃபிஷரும் மிட்செல் ஷ்வார்ட்ஸும், காயத்தால் டாம்பாவுக்கு எதிரான அந்த 2021 சூப்பர் பவுலில் ஆடவில்லை. மஹோம்ஸ் அன்று ஓடிய ஓட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும், 31-9 என்று தோல்வி. ஒரு மாதம் கழித்து அந்த இருவரையும் ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள், சுமார் 1.8 கோடி டாலர் மிச்சம். ஃபிஷர் 2013 டிராஃப்டின் (புதிய வீரர்களை அணிகள் முறைபோட்டுத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) முதல் தேர்வு என்பதையெல்லாம் யாரும் பார்க்கவில்லை. அந்தப் பணத்தில் ஜோ தூனிக்கு ஐந்து வருடத்துக்கு 8 கோடி டாலர் ஒப்பந்தம். டிராஃப்டில் இரண்டாம் சுற்றில் க்ரீட் ஹம்ஃப்ரி, ஆறாம் சுற்றில் ட்ரே ஸ்மித். இந்த இரண்டு பையன்களும் முதல் ஆட்டத்திலிருந்தே இறங்கினார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். லீகும் வீரர் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு டிராஃப்டில் வரும் புதியவர்களின் சம்பளம் ஏறக்குறைய முன்கூட்டியே நிர்ணயித்ததுதான், நாலு வருடத்துக்கு. 2010-இன் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. 2021-இன் முதல் தேர்வான ட்ரெவர் லாரன்ஸுக்கு நாலு வருடத்துக்கு 3.68 கோடிதான், கேப் எவ்வளவோ வளர்ந்திருந்தும். ஆகவே பணம் இறுகும்போது மேலாளர் முதலில் ஓடுவது டிராஃப்டுக்கு. ஆறாம் சுற்றில் ஒரு நல்ல கார்டு, அதாவது முன்வரிசைத் தடுப்பாளர், கிடைத்தால் அது தங்கம். கேன்சஸ் சிட்டி அடுத்த கோப்பையை ஜெயித்த 2023 பிப்ரவரியில் இந்த மூவரும் முன்வரிசையில் நின்றார்கள்.

கேள்வி: ஃபிரான்சைஸ் டேக் பற்றிச் சொல்லவே இல்லையே?

ஒப்பந்தம் முடிந்த ஒரு வீரரை இன்னொரு வருடத்துக்குக் கட்டிப்போடும் உரிமை அது, அணிக்கு வருடத்துக்கு ஒருவர். விலையை லீக் சூத்திரம் வைத்துச் சொல்லும், அந்தச் சூத்திரத்தில் கேப்பும் உண்டு. வைட் ரிசீவருக்கு, அதாவது வீசும் பந்தை ஓடிப் பிடிப்பவருக்கு, 2020-இல் சுமார் 1.79 கோடி டாலர் இருந்தது, 2021-இல் 1.6 கோடிக்கு இறங்கிவிட்டது. டாம்பாவின் கிறிஸ் காட்வினும் சிகாகோவின் ஆலன் ராபின்சனும் அதில் மாட்டினார்கள். ஒரு வருடம் முன்னால் ஒப்பந்தம் முடிந்திருந்தால் ஏறக்குறைய 19 லட்சம் டாலர் கூடக் கிடைத்திருக்கும். பிறந்த நேரம் என்பார்களே, அது இதுதான் போல.

கேள்வி: மெஸ்ஸிக்கு வருகிறேன் என்றீர்களே?

வந்துவிட்டேன். 2021 ஆகஸ்டில் அவர் பார்சிலோனாவை விட்டு அழுதுகொண்டே போனதும் இதே மாதிரி ஒரு வரம்பால்தான், ஆனால் விதி வேறு. ஸ்பெயினின் லா லீகாவில் எல்லாருக்கும் ஒரே எண் கிடையாது, ஒவ்வொரு கிளப்பின் வருமானத்தையும் கடனையும் பார்த்துத் தனித்தனியாக வரம்பு போடுவார்கள். பார்சிலோனாவின் வரம்பு 2019-20 சீசனில் 67 கோடி யூரோ, 2021 செப்டம்பரில் 10 கோடிக்கும் கீழே. என்.எஃப்.எல். சரிவு இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பாதிச் சம்பளத்துக்கு ஆட மெஸ்ஸி ஒப்புக்கொண்டும் பதிவு செய்ய முடியவில்லை. அவர் போன பிறகு ஜெரார்டு பிக்கே தன் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டதால்தான் டிபாய் போன்ற புதியவர்களையே பதிவு செய்தார்கள். அப்படியும் போதாமல் 2022-இல் தங்கள் லீக் தொலைக்காட்சி உரிமையில் 25 சதவீதத்தை 25 வருடத்துக்கு விற்றார்கள். தள்ளிப்போட வேறு வழி கண்டுபிடித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடைசியில் யாருக்குத்தான் நஷ்டம்? பெரிய ஆட்களுக்கெல்லாம் கிடைத்துவிட்டதே.

சரியாகப் பிடித்தீர்கள். கேப் இறங்கிய அதே மார்ச்சில் டக் பிரெஸ்காட் டல்லாஸிடம் நாலு வருடத்துக்கு 16 கோடி டாலர் வாங்கினார், அதில் 6.6 கோடி கையெழுத்து போனஸ். ட்ரெண்ட் வில்லியம்ஸுக்கு சான் ஃபிரான்சிஸ்கோ ஆறு வருடத்துக்கு 13.8 கோடி வரை எழுதிக்கொடுத்தது. கையில் இடம் வைத்திருந்த நியூ இங்கிலாந்து, மற்றவர்கள் கைகட்டி நின்ற நேரத்தில் மேத்யூ ஜூடான், ஹன்டர் ஹென்றி, ஜானு ஸ்மித் என்று அள்ளிக்கொண்டது. அடிமட்டத்தில் குறைந்தபட்சச் சம்பளக்காரருக்கும் பெரிய பாதிப்பில்லை, அவரை இன்னும் மலிவாக்க முடியாதே.

அடி வாங்கியது நடுவில் இருப்பவர். ஏழெட்டு வருடம் ஆடிய, நல்ல ஆனால் நட்சத்திரம் இல்லாத ஆள். வழக்கமாக மூன்று வருட ஒப்பந்தம் கேட்டு வாங்குபவர், அந்த வருடம் ஒரு வருட ஒப்பந்தம் கிடைத்தாலே போதும், அடுத்த வருடம் கேப் ஏறும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டார். ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டருக்கு அப்போது 24 வயதுதான், அவரே பிட்ஸ்பர்க்கில் ஒரு வருடத்துக்கு 80 லட்சம் டாலருக்குத் தங்கினார். ஐந்தாவது ஆட்டத்தில் தோள்பட்டை போய், வழக்கமான சீசன் அதோடு முடிந்தது. ஒரு வருட ஒப்பந்தத்தில் காயத்துக்கு இடமில்லை.

செயின்ட்ஸ் விடுவித்த பட்டியலில் தாமஸ் மோர்ஸ்டெட் என்ற பன்ட்டரும் இருந்தார், பந்தை உதைத்து எதிரணிக்கு அனுப்புகிறவர். 2010 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுலில் இரண்டாம் பாதியை எதிரணி எதிர்பார்க்காத குட்டி உதையில் தொடங்கி, பந்தைத் தன் அணிக்கே மீட்டுக் கொடுத்தாரே, அவர்தான். அந்த அணி வாங்கிய ஒரே கோப்பை அது. பதினோரு சீசன் கழித்து அவர் சம்பளத்தையும், அதே வேலையை மலிவாகச் செய்ய அணியில் காத்திருந்த இளைஞர் ஒருவரின் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மோர்ஸ்டெட் அதற்குப் பிறகு நியூயார்க் ஜெட்ஸ், அட்லாண்டா, மயாமி, மறுபடி ஜெட்ஸ் என்று ஊர் ஊராகப் போய் உதைத்துக்கொண்டிருந்தார்.